வயல்வெளிக்கு ஒரு கணிப்பொறி

கருவி எங்கே வேண்டப்படுகிறதோ அங்கே தொழிற்படுமாயின் அன்றே அது கருவி எனப்படும். குளத்தில் மிதந்து ஆற்றில் அமிழும் ஓடத்தை ஓடம் என்று எவரும் கொள்ளார். குளிரூட்டிய அறையில் மேசைமீது ஆயிரம் வித்தை காட்டிவிட்டு, வெயிலில் எடுத்து வைத்த சிறிது நேரத்தில் கண்மூடிவிடும் கணிப்பொறியும் அத்தகைய ஓடமே. உழவும், மீன்பிடித் தொழிலும், நில அளவையும், கல்வெட்டுப் படித்தலும், காடு காத்தலும் கூரையின் கீழ் நடைபெறுவன அல்ல. அத்தொழில்களுக்கு உதவும் பொருட்டு, வெயிலையும் மழையையும் புழுதியையும் தாங்க வல்லதும், எளியோர் கைக்கு எட்டும் விலையினதுமான கணிப்பொறி ஒன்றை ஆக்குதல் இயலுமா? இயலுமாயின் அஃது எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இவ்வினாக்களைப்பற்றி என் உள்ளத்தில் எழுந்த கருத்தை இம்மலரின் வாயிலாக வெளியிட விழைகின்றேன்.

‘தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்குப் பொறியைப்பற்றி என்ன பேச்சு?’ என்று இயற்பியல் வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. எனக்கு அத்தலைவலி வந்தது. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் வகுப்பு மாணவர் மூவர் சிவகங்கைச் சீமையிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஏற்றப்பாட்டு அறிந்த பெரியவர் ஒருவர் அவ்வூரில் இருப்பதாகக் கேள்வியுற்று, அப்பாட்டை ஒலிப்பதிவு செய்து ஏட்டில் எழுதிக்கொள்வதே எங்கள் நோக்கம். மின்சார இறைவைப் பொறிகள் வந்தபின் ஏற்றம் மறைந்தது. ஏற்றம் மறையவே அதன் பாட்டும் மறைந்து வருகின்றது. அவர் வீட்டுத் திண்ணையில் மடிக்கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடும்படி வேண்டினோம். பெரியவர் தலையை அசைத்தார். “திண்ணையில உட்கார்ந்தா பாட்டு வராது, தம்பி. கிணத்து மேட்டுக்கு வாங்க” என்று கூறிக்கொண்டே எழுந்து நடந்தார். நாங்களும் பின்தொடர்ந்தோம்.

அக்கிணற்று மேட்டில் மரநிழல் இல்லை. கணிப்பொறியைத் துலாக்காலின் அடியில் வைத்தோம். திரையில் எங்கள் முகமும் வானமும் தெரிந்தனவேயன்றி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆயினும் ஒலி பதிவாகின்றது என்று நம்பி அமர்ந்திருந்தோம். சால்களை ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டே பாடுதல் ஏற்றப்பாட்டின் இயல்பு. பெரியவர் பிள்ளையார் வணக்கத்திலிருந்து தொடங்கி, இல்லாத ஏற்றத்தை மிதிப்பவர்போல் கால் மாற்றிக் கால் வைத்து, ஒன்று, இரண்டு என எண்ணி, நூறு வரையில் பாடினார். நாங்கள் மெய்ம்மறந்து கேட்டோம். பாட்டு முடிந்தபின் நோக்கினால், கணிப்பொறி அணைந்து கிடந்தது. தொட்டால் கை சுட்டது. நாற்பத்தேழாம் சாலோடு பதிவு நின்றுவிட்டது.

செய்தியை அறிந்த பெரியவர் சினக்கவில்லை, நகைத்தார். “பெட்டிக்கு வெயில் ஆகலையா? எனக்கு எழுபத்தாறு வயசு ஆகுது, எனக்கு ஆகுதே!” என்றார். அன்று அவர் களைத்திருந்தமையால் மீண்டும் பாடும்படி வற்புறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. மறுமுறை வருவதாகச் சொல்லி மீண்டோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்றபோது அவர் வாதநோய் கண்டு, நா எழாதவராய்க் கட்டிலில் கிடந்தார். எங்களை அடையாளம் கண்டு கையை மட்டும் உயர்த்தினார். நாற்பத்தெட்டாம் சால் முதல் நூறாம் சால் வரையில் உள்ள பாட்டு இனி எவர் வாயிலிருந்து வரும்?

பழுதான கணிப்பொறியை நகரத்துக் கடை ஒன்றில் காட்டினோம். விசிறியில் புழுதி அடைத்துக்கொண்டதாகவும், மிகுந்த சூட்டினால் உள்ளிருக்கும் தாய்ப்பலகை கெட்டுவிட்டதாகவும், உறுப்புக்கள் அனைத்தும் அப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருத்தலால் அதனை முழுதும் மாற்ற வேண்டுமெனவும், அச்செலவிற்குச் சற்றுக் கூட்டினால் புதியதே வாங்கிவிடலாம் எனவும் கடைக்காரர் உரைத்தார். அவர் கூறியதில் பொய்யில்லை. அப்பொறியை ஆக்கியவர்கள், அதனைத் திறந்து செப்பனிட எண்ணும் ஒருவன் உலகில் இருப்பான் என்று கருதியே செய்யவில்லை.

வெளியிடத்தில் கணிப்பொறிக்குப் பகை யாவை என்று ஆராய்வோமாக. நம் முன்னோர் உலகத்தை ஐம்பூதமாய்ப் பகுத்தனர். ஐந்துமே கணிப்பொறிக்குப் பகையாதல் வியப்பே. நிலம் புழுதியாய் உட்புகுகின்றது. தவறி வீழ்ந்தாலோ அடியாய்த் தாக்குகின்றது. நீர் மழையாய் வந்து மின்னோட்டத்தைக் குலைக்கின்றது. தீ வெயிலாய் நின்று காய்ச்சுகின்றது. வளி ஈரத்தையும், கடற்கரையாயின் உப்பையும் சுமந்து வந்து உலோகத்தை அரிக்கின்றது. விசும்போ பேரொளியாய்ப் பரந்து திரையைக் குருடாக்குகின்றது. இவ்வைந்தும் போதாவென்று, மின்சாரம் இல்லாமை என்னும் ஆறாம் பகையும் உண்டு.

இப்பகைகளை வெல்லும் பொறிகள் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்க நாட்டுப் படைத்துறையினர் தம் கருவிகளுக்குரிய சோதனை முறைகளை ‘மில்-எஸ்டிடி-810’ என்னும் பெயரால் 1962ல் வெளியிட்டனர். வெப்பம், குளிர், அதிர்ச்சி, மழை, புழுதி, உப்புக்காற்று ஆகியவற்றிற்கெல்லாம் அதில் சோதனை உண்டு. பானசோனிக் நிறுவனம் 1996 முதல் ‘டஃப்புக்’ என்னும் வன்மைமிக்க மடிக்கணிப்பொறிகளை விற்று வருகின்றது. புழுதியையும் நீரையும் தடுக்கும் ஆற்றலை ‘ஐபி’ என்னும் இரண்டிலக்கக் குறியால் அளக்கும் அனைத்துலக முறையும் உண்டு. முதல் இலக்கம் புழுதிக்கு. இரண்டாம் இலக்கம் நீருக்கு. ‘ஐபி67’ என்றால், புழுதி சிறிதும் புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது பொருள். ஆயின் இப்பொறிகளின் விலை சாதாரணப் பொறியின் விலையைப்போல் பன்மடங்கு. படைவீரனுக்கும் எண்ணெய்க் கிணற்றுப் பொறியியலனுக்கும் பொருந்தும் அவ்விலை, ஓர் ஊராட்சிக்கோ, ஓர் ஏழை மாணவனுக்கோ பொருந்துமா? விலையும் ஒரு பகையென்றே கொள்ளல் வேண்டும்.

விலை குறைந்ததும் வன்மை மிக்கதுமான பொறியை ஆக்க அறிஞர்கள் முயன்றதில்லையா எனின், முயன்றனர். அவற்றுள் இரண்டு முயற்சிகள் நம் சிந்தனைக்கு உரியன.

முதலாவது நம் நாட்டில் எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்துப் பேராசிரியர் சிலரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999ல் ஓர் அறக்கட்டளை நிறுவி, ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கக் கணிப்பொறியை வகுத்தனர். எழுத்தறியாதாரும் பயன்படுத்தும் வண்ணம் படமும் ஒலியும் அதில் அமைந்தன. 9000 ரூபாய்க்குள் அடக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஒரு குடும்பத்தால் வாங்க இயலாவிடினும், ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு அட்டையைச் செருகி, ஊருக்கொன்றாக உள்ள பொறியைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் கண்ட வழி மிக நுட்பமானது. 2004ல் அது கடைக்கு வந்தது. எண்ணிய விலையில் நிற்கவில்லை. எண்ணிய அளவு விற்கவும் இல்லை. கைப்பேசிகள் விரைந்து மலிந்தமையால் அம்முயற்சி மங்கிற்று.

இரண்டாவது முயற்சி அமெரிக்காவில் எழுந்து உலகெங்கும் பேசப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த நிக்கோலஸ் நெக்ரபாண்டி என்பார், ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணிப்பொறி’ என்னும் திட்டத்தை வகுத்து, 100 டாலர் விலையில் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் பொறி அளிப்பதாகக் கூறினார். 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டூனிஸ் நகரில் ஐக்கிய நாடுகளின் தலைமைச் செயலர் கோபி அன்னானுடன் நின்று அதன் மாதிரியை உலகுக்குக் காட்டினார். மின்சாரமில்லா ஊர்களில் கையால் சுழற்றி மின்னூட்டுதற்கு அப்பொறியின் பக்கத்தில் ஒரு கைச்சுழலி இருந்தது. அனைவரும் நோக்கியிருக்கையில் அச்சுழலி கழன்றுவிட்டது! பின்னர் ஆக்கிய பொறிகளில் அதனையே நீக்கிவிட்டனர். மேடையில் கழன்றது நன்றென்றே நான் கருதுகின்றேன். காட்டூர்ப் பள்ளியில் கழன்றிருந்தால் கேட்பார் யார்?

2007ல் வெளிவந்த அப்பொறிக்கு ‘எக்ஸ்ஓ’ என்று பெயர். விலை 100 டாலரில் நிற்காமல் 188 டாலர் அளவிற்கு ஏறிற்று. எனினும், அதனை வகுத்தவர்களின் அறிவு போற்றத்தக்கது. அதில் விசிறி இல்லை. சுழலும் வட்டு இல்லை. காற்றுப் புகும் துளையும் இல்லை. ஆகவே புழுதி புகுவதற்கு வழி குறைந்தது. விசைப்பலகை முழுதும் ஒரே ரப்பர்த் தோலால் மூடப்பட்டது. தாய்ப்பலகையை விசைப்பலகையின் கீழ் வைக்காமல் திரையின் பின்புறத்தில் வைத்தனர். அதனால் சூடு குழந்தையின் மடியைத் தாக்காமல் வெளியே செல்லும். முயலின் காதுபோல் நிமிரும் இரண்டு அலைவாங்கிகள், மடக்கும்பொழுது பக்கத்திலுள்ள துளைகளை மூடி, தாழ்ப்பாளாகவும் உதவின. மேரி லூ ஜெப்சன் என்னும் அம்மையார் வகுத்த திரையோ எல்லாவற்றினும் சிறந்தது. அறையில் வண்ணமாய் ஒளிரும். வெயிலில் தன் விளக்கை அணைத்துவிட்டு, கதிரவன் ஒளியையே எதிரொளித்துக் கருப்பு வெள்ளையாய்த் தெளிவாகக் காட்டும். எங்கள் கண்முன் வானத்தையே காட்டிய திரையை எண்ணிப் பார்க்கையில், அவ்வம்மையாருக்கு நன்றி கூறத் தோன்றுகின்றது.

இவற்றையெல்லாம்விட என் உள்ளத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. அப்பொறியின் கைப்பிடிக்குள் மிகுதியான திருகாணிகள் சிலவற்றை மறைத்து வைத்திருந்தனர். குழந்தைகளே பொறியைத் திறந்து செப்பனிடுவர். அப்பொழுது திருகாணி தொலையும். தொலைந்தால் உதவட்டும் என்பது கருத்து. ஒரு பொறியை ஆக்குபவன், அது உடையும் நாளை முன்னரே எண்ணி, அந்நாளில் அதனைக் கையிலேந்தி வருந்துபவன்மீது காட்டிய இரக்கம் அன்றோ இது?

ஆயினும் அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறியதா? உருகுவே நாடு 2007ல் தொடங்கி, 2009க்குள் தன் அரசினர் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் பொறி வழங்கி முடித்தது. வழங்கியதோடு நில்லாமல் பேணுதற்குரிய அமைப்பையும் நிறுவிற்று. பராகுவே நாட்டில் அத்திட்டம் நடந்த முறையை நேரிற் கண்டு ஆராய்ந்த மார்கன் ஏம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், 2019ல் வெளியிட்ட நூலில், உடைந்த பொறிகள் பல செப்பனிடப்படாமல் வீணே கிடந்தமையையும், மாற்றுறுப்புக் கிடைத்தலின் அருமையையும், அதன் விலை ஏழைப் பெற்றோருக்குச் சுமையானமையையும் எடுத்துக் காட்டுகின்றார். திருகாணி கைப்பிடியில் இருந்தது. மாற்றுத் திரையோ கடல்கடந்து வரவேண்டியிருந்தது. குறை அங்கேதான் நேர்ந்தது.

இவ்விடத்தில்தான் என் கருத்தைக் கூற விரும்புகின்றேன். ‘வன்மை’ என்பதை உடையாமை என்றே பலரும் கொள்கின்றனர். உடையாமையை விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் அவ்விலைக்கு எல்லை இல்லை. எத்துணைப் பொன் கொட்டினும் உடையாத பொருளை மனிதன் இன்னும் ஆக்கவில்லை. ஏழைக்கு ஏற்ற வன்மை வேறு. உடைந்தால், உடைந்த இடத்திலேயே, உடையவன் கையாலேயே, அவ்வூரில் கிடைக்கும் பொருளாலேயே சீர்ப்படுதல்தான் அவ்வன்மை. விலை மலிவு என்பதும் கடையில் கொடுக்கும் தொகையை மட்டும் குறிப்பதன்று. பத்தாண்டுக் காலம் பேணும் செலவையும் கூட்டிக் கண்ட தொகையே உண்மை விலை.

இக்கருத்தை நான் எந்த நூலிலிருந்தும் பெறவில்லை. அக்கிணற்று மேட்டில் நின்ற துலாக்காலிடமிருந்து பெற்றேன். ஏற்றத்தைக் காட்டிலும் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்த பொறி எது? அது உடையாத பொறியன்று. கயிறு அறும், சால் ஓட்டையாகும், துலா முறியும். கயிறு அறுந்தால் உழவனே திரித்துக்கொள்வான். சால் ஓட்டையானால் உள்ளூர்க் கொல்லர் அடைப்பார். துலா முறிந்தால் தச்சர் வேறொரு மரம் செதுக்குவார். எந்த உறுப்பும் ஊரெல்லைக்கு அப்பாலிருந்து வரவேண்டியதில்லை. ஆதலின் அன்றோ அது தலைமுறை தலைமுறையாய் நின்று, தனக்கென ஒரு பாட்டையும் பெற்றது? எங்கள் மடிக்கணிப்பொறி ஏற்றத்தின் அருகில் அமர்ந்திருந்தும் ஏற்றத்திடம் ஒன்றும் கற்கவில்லை.

‘ஏற்றம் மரத்தால் ஆனது, சிலிக்கான் சில்லை எந்தத் தச்சர் செதுக்குவார்?’ என்று வினவலாம். தகுந்த வினாவே. சில்லை நாம் ஆக்க இயலாது. ஆனால் சில்லைச் சுற்றியுள்ள அனைத்தையும் நாம் ஆக்கலாம். 2012ல் இங்கிலாந்தில் வெளியான ‘ராஸ்ப்பெரி பை’ என்னும் ஒற்றைப்பலகைக் கணிப்பொறி உள்ளங்கைக்குள் அடங்குவது. அன்று அதன் விலை 35 டாலர். இன்று அத்தகைய பலகைகள் பலவகையாய் விற்கின்றன. அவற்றுள் சில ஐந்து வாட் அளவு மின்சாரத்தோடு தொழிற்படும், விசிறி வேண்டுவதில்லை. பலகை கெட்டால் பலகையை மட்டும் மாற்றலாம். திரையும், மின்கலமும், விசைப்பலகையும் அப்படியே நிற்கும். பெட்டி, மூடி, பூச்சு, கம்பி, திருகாணி ஆகியவை நம் கல்லூரித் தொழிற்கூடத்திலேயே அமையும்.

அப்பெட்டியை எங்ஙனம் அமைப்பது? ஈண்டு ஒரு முரண்பாடு எதிர்ப்படுகின்றது. புழுதியும் நீரும் புகாமல் இறுக மூடினால் உள்ளிருக்கும் சூடு வெளியேறாது. சூடு வெளியேறத் துளையிட்டால் புழுதியும் நீரும் புகும். இதனை அவிழ்க்கும் வழி எளிது. காற்றின் வழியாகச் சூட்டை அகற்றாமல் உலோகத்தின் வழியாக அகற்றுதல் வேண்டும். சில்லின்மீது ஓர் அலுமினியக் கட்டையை அழுந்த வைத்து, அதன் மறுமுனை பெட்டியின் சுவரைத் தொடும்படி அமைத்தால், பெட்டி முழுதுமே சூட்டை வெளிவிடும் பரப்பாகிவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கு அனுப்பிய இரண்டு ராஸ்ப்பெரி பை பொறிகளையும் இவ்வாறே அலுமினியப் பெட்டிக்குள் வைத்தனர். தொடும் பரப்பு 45 பாகைக்கு மேல் சுடலாகாது என்பது அங்குள்ள விதி.

ஆனால் விண்வெளி நிலையத்துக்குள் வெயில் இல்லை. நம் வயலில் உண்டு. இங்கே ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். நண்பகற் கதிரவன் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகின்றான். 25 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூடியின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் இருபதில் ஒரு பங்கு. எனவே அதன்மேல் வீழ்வது 50 வாட். உள்ளிருக்கும் பலகை வெளியிடும் வெப்பமோ 5 வாட். பெட்டி கருநிறமாயின், தன்னுள் பிறக்கும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கை வெயிலிலிருந்து அது வாங்கிக்கொள்ளும். எங்கள் மடிக்கணிப்பொறி கருநிறம். அதனைக் கொன்றது எது என்பது இப்பொழுது வெள்ளிடைமலையாய் விளங்கும்.

இதற்கு மருந்து வெள்ளை வண்ணமும் நிழலுமே. வானிலை ஆராய்வோர் வெப்பமானியை வைக்கும் வெள்ளைப் பலகணிப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். இரட்டைக் கூரையும் சாய்ந்த சட்டங்களும் உடைய அப்பெட்டியை வகுத்தவர், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் எழுப்பிய தாமஸ் ஸ்டீவன்சன் என்பார். ‘புதையல் தீவு’ எழுதிய கதாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. மைந்தனைப் படிக்கும் இலக்கிய மாணவர்கள் தந்தையையும் சிறிது படித்தல் நலம். நம் பெட்டியின் மேலும், விரற்கடை இடைவெளி விட்டு ஒரு வெள்ளைத் தகட்டைக் கூரையாய்ப் பொருத்தினால், வெயிலின் பெரும்பகுதி அத்தகட்டோடு நின்றுவிடும்; இடைவெளியில் காற்று ஓடும். செலவோ ஒரு தகடும் நான்கு திருகாணிகளுமே.

ஈரத்தைப்பற்றியும் ஒரு சொல். பகலில் சூடேறிய பெட்டி மாலை மழையில் திடீரெனக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறையும்; பெட்டி மூச்சை உள்ளிழுப்பதுபோல் விளிம்பு வழியே ஈரக்காற்றை உறிஞ்சும். அவ்வீரம் உள்ளே நீர்த்துளியாய்ப் படியும். மழைக்கு மூடிய பெட்டி வியர்வையால் கெடுவது இவ்வாறே. காற்றை விடுத்து நீர்த்துளியை விடாத நுண்துளைச் சவ்வு கடையில் கிடைக்கின்றது. சிறு காசளவு சவ்வை ஒரு துளையின்மேல் பொருத்தினால், பெட்டி அதன் வழியே மூச்சுவிடும். விளிம்பு வழியே நீர் உறிஞ்சாது.

மின்சாரத்திற்கு எக்ஸ்ஓ பொறி காட்டிய வழியே நல்வழி. அதில் பயன்பட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம், கைப்பேசிகளில் உள்ள மின்கலத்தினும் எடை மிக்கதாயினும், வெப்பத்தை நன்கு பொறுப்பது, நெடுங்காலம் உழைப்பது. ஐந்து வாட் பொறி எட்டு மணி நேரம் உழைக்க 40 வாட்-மணி போதும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலம் ஏறத்தாழ 77 வாட்-மணி தரும். 20 வாட் கதிரொளிப் பலகை ஒன்று நல்ல வெயிலில் நான்கு மணி நேரத்தில் அதன் பெரும்பகுதியை நிரப்பிவிடும். பகைவனாகிய வெயிலையே பணியாளாக்கிக் கொள்வது இவ்வாறு.

எல்லாப் பகையையும் வெல்ல முயலுதல் கூடாது என்பதும் நினைவிற்குரியது. ஏற்றப்பாட்டு எழுதச் செல்பவன் கிணற்றுக்குள் மூழ்கப் போவதில்லை. தூறலைத் தாங்கினால் போதும். ஆழத்தைத் தாங்க வேண்டுவதில்லை. இடுப்பளவு உயரத்திலிருந்து வீழ்வதைத் தாங்கினால் போதும். விமானத்திலிருந்து வீழ்வதைத் தாங்க வேண்டுவதில்லை. எவ்வெவற்றைத் தாங்க வேண்டாம் என்று துணிந்து விலக்குவதிலேயே விலை குறைகின்றது.

இனி, மறுப்புரைகள் இரண்டிற்கு விடை கூறுவேன். ‘அனைவர் பையிலும் கைப்பேசி இருக்கின்றதே, அது போதாதோ?’ என்பது ஒன்று. எங்கள் பையிலும் இருந்தது. மடிக்கணிப்பொறி அணைந்ததைக் கண்டு அதனை எடுத்து வெயிலில் நீட்டியபொழுது, சூடு மிகுந்ததென்று அறிவித்து அதுவும் ஓய்ந்தது. நீர் புகாத கைப்பேசிகள் இன்று உளவெனினும், பலவற்றின் மூடி பசையால் ஒட்டப்பட்டிருத்தலின், மின்கலம் தளர்ந்தால் சாமானியன் அதனை மாற்றுதல் எளிதன்று. சிறு செய்திக்குக் கைப்பேசி நன்று. நாளெல்லாம் வெயிலில் இருந்து எழுதுவதற்கு அன்று.

‘பொறியை வீட்டுக்குள் வைத்துச் செய்தியை மட்டும் வெளியே அனுப்பலாமே’ என்பது மற்றொன்று. இதற்குச் சான்றும் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998ல் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்கள் தொடங்கினர். மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரத்தைப்பற்றிய செய்தியைக் கணிப்பொறியால் பெற்று, ஒலிபெருக்கியால் கரையெங்கும் அறிவித்தனர். பொறி கூரையின் கீழ் இருந்தது. பயன் கடற்கரைக்குச் சென்றது. மிக நல்ல வழி. ஆனால் அது ஊருக்குள் வரும் செய்திக்குப் பொருந்தும். ஊரிலிருந்து வெளியே செல்ல வேண்டிய செய்தி, அதாவது பயிரில் விழுந்த நோய், பாறையில் தேய்ந்த எழுத்து, கிழவர் வாயில் நிற்கும் பாட்டு, இவை கூரையின் கீழ் வாரா. நாம்தான் அவற்றை நாடிச் செல்லல் வேண்டும்.

ஆதலின் என் வேண்டுகோள் இது. நம் கல்லூரியின் இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, வரும் கோடைக்குள் இத்தகைய களக் கணிப்பொறி ஒன்றை ஆக்குதல் வேண்டும். பழைய மாணவர்களுள் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர். அலுமினியத் துண்டும், ரப்பர் விளிம்பும், பயனற்ற மின்கலப் பெட்டியும் அவர்களிடம் கேட்டால் கிடைக்கும். எல்லாத் திருகாணிகளும் ஒரே அளவினவாய் இருக்கட்டும். மூடியின் உட்புறத்தில், எந்த உறுப்பு எங்குள்ளது, எது கெட்டால் என்ன அடையாளம், எப்படி மாற்றுவது என்பவற்றைத் தெளிந்த தமிழில் எழுதி ஒட்டும் பணியைத் தமிழ் மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கின்றோம். முதற்பொறி கோணலாய் இருக்கலாம். கழன்ற கைச்சுழலியைப்போல் ஏதேனும் ஒன்று மேடையிலேயே கழலலாம். கழன்றால் நாமே பூட்டுவோம். அது நம் கையால் ஆயது என்பதே அதன் வன்மை.

அச்சிற்றூரில் வேறொரு பெரியவர், எங்களுக்குப் பாடியவரின் மைத்துனர், அப்பாட்டின் பிற்பகுதியைச் சிறிது அறிவார் என்று கேள்வி. அவருக்கும் எழுபதுக்கு மேல் அகவை ஆகின்றது. வரும் மே மாதத்தில் நாங்கள் அங்குச் செல்வோம். அவரும் கிணற்று மேட்டுக்குத்தான் எங்களை அழைப்பார்.